வேலியில்லா வயல்களும் ஊர்மன்றமும்: லாக்ஸ்டன் கிராமத்தை முன்வைத்து

இங்கிலாந்தின் வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவை அரசர்களும் நாடாளுமன்றமும் கப்பற்படையும் நூற்பாலைகளும்தாம். அந்த நாட்டு மக்களில் பெரும்பாலோர் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்த இடம் கிராமம். அதைப் பற்றி நாம் அறிந்தது குறைவு. அறிந்த கொஞ்சமும் நாவல்களிலிருந்தும் நாட்காட்டிப் படங்களிலிருந்தும் வந்தது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது நாட்டிங்காம்ஷயரில், நியூவார்க் நகருக்கு வடக்கே, பழைய ஷெர்வுட் காட்டின் கிழக்கு விளிம்பையொட்டி இருக்கும் லாக்ஸ்டன் என்ற சிற்றூரை. சில நூறு பேர் வாழும் ஊர். அரண்மனை கிடையாது, பெரும்போர் எதுவும் அங்கே நடந்து புகழ்பெற்றதில்லை. ஆனால் இங்கிலாந்தின் நடுநிலப் பகுதி முழுவதும் ஒருகாலத்தில் எப்படிப் பயிரிட்டது, எப்படித் தன்னைத்தானே ஆண்டுகொண்டது என்பதை இன்றும் நடைமுறையில் பார்க்க முடிகிற ஒரே ஊர் அது. பொதுவில் ஆளப்படும் நிலம் பாழாகியே தீரும் என்று இரண்டு நூற்றாண்டுகளாக நமக்குச் சொல்லப்பட்டு வருகிறது. லாக்ஸ்டனின் சான்று அதற்கு எதிராக நிற்கிறது என்பதே என் வாதம். அந்த ஊரின் வயல்முறை நீடித்ததற்குக் காரணம் பழமைப் பற்று என்று நான் நினைக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஊரார் வயலுக்கு நடந்துபோய், ஒருவர் உழவை மற்றவர் பார்வையிட்டு, வரம்பு மீறியவருக்குத் தண்டம் போட்டு, அடுத்த ஆண்டும் அதே முகங்களோடு அதே தெருவில் வாழ்ந்த பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். லாக்ஸ்டனில் மூன்று பெரிய வயல்கள் உண்டு: தெற்கு வயல், ஆலை வயல், மேற்கு வயல். மூன்றும் சேர்ந்து இன்று சுமார் 480 ஏக்கர். வயல் என்று நான் சொல்வது ஒருவருக்குச் சொந்தமான, வரப்புக் கட்டிய ஒரு துண்டை அன்று. ஒவ்வொரு பெரிய வயலும் வேலியோ மதிலோ இல்லாத ஒரே வெளி. அதற்குள் நீண்ட கீற்றுகளாக நிலம் பிரிந்து கிடக்கிறது. ஒரு குடியானவருக்கு மூன்று வயல்களிலும் கீற்றுகள் உண்டு. அவை ஓரிடத்தில் சேர்ந்திருப்பதில்லை. ஒரு கீற்று மேட்டில், இன்னொன்று பள்ளத்தில், மூன்றாவது ஓடைக்கரையில். ஓர் ஆண்டில் ஒரு வயல் முழுவதும் குளிர்காலக் கோதுமை; இன்னொன்று முழுவதும் வசந்தகாலத்தில் விதைக்கும் பார்லியோ பயறோ; மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு இது ஒரு சுற்று நகரும். இந்தச் சுழற்சியை எந்தத் தனி விவசாயியும் தன் விருப்பப்படி மாற்ற முடியாது. அறுவடை முடிந்ததும் தாள்நிலத்தில் ஊர்க் கால்நடைகள் மொத்தமாக இறங்கி மேய்வதே பழைய முறை. ஒருவர் மட்டும் தாமதமாக விதைத்துப் பயிரை நிறுத்திவைத்திருந்தால், ஒன்று அவர் பயிர் அழியும், அல்லது ஊர் மந்தை பட்டினி கிடக்கும். மேய்ந்த மாடும் ஆடும் போட்ட எருதான் அடுத்த பயிருக்கு உரம். ஆகவே எப்போது விதைப்பது, எப்போது வயலைத் திறந்துவிடுவது, யார் எத்தனை கால்நடை விடலாம் என்பவை எல்லாம் ஊர் கூடி முடிவுசெய்ய வேண்டியவை. உழுவதற்கு ஆகாத சரிவுகளும் ஈரத் தாழ்வுகளும் புல்வெளியாகவே விடப்பட்டன. அவ்வூர் மொழியில் அவை 'சைக்ஸ்'. அந்தப் புல்லை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். பல நூற்றாண்டுகளாக ஏர் படாத நிலம் என்பதால், மற்ற இடங்களில் அருகிப்போன காட்டுப்பூச் செடிகள் அங்கே தழைத்திருக்கின்றன.

இந்த ஏற்பாட்டுக்கு எழுத்துச் சான்று தாராளமாக உண்டு. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டிலேயே லாக்ஸ்டன் இடம்பெற்றிருக்கிறது. ஊருக்கு வடக்கே நார்மன் காலத்து மண்கோட்டையின் மேடு இன்றும் உயர்ந்து நிற்கிறது. ஷெர்வுட் காட்டைக் காவல்செய்த குடும்பங்கள் அங்கிருந்துதான் நிர்வாகம் நடத்தின. ஆனால் என் வாதத்துக்கு மிகவும் பயன்படுவது 1635இல் உருவான ஒரு வரைபடம். ஊரும் அதன் நிலமும் சேர்ந்த, மேனர் எனப்படும் பிரபுத்துவ உடைமையின் உரிமையாளராக அப்போது இருந்த லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டனுக்காக மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் ஊர் முழுவதையும் அளந்து வரைந்தார். அது இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கீற்றும், ஒவ்வொரு வீட்டுமனையும், ஒவ்வொரு புல்வெளியும் எண்ணிட்டுக் காட்டப்பட்டு, யார் வசம் எது என்று ஒரு நிலப்பதிவேடும் உடன் எழுதப்பட்டது. கீற்றுகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. உழுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும் வேட்டையாடுகிறவர்களையும் வரைபடத்திலேயே சிறு சித்திரங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். வீடுகள் இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். பண்ணைவீடுகள் எல்லாம் தெருவை ஒட்டி நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீண்ட மனை. இன்றும் பல வீடுகள் தெருவுக்குத் தங்கள் பக்கச்சுவரைக் காட்டியே நிற்கின்றன. பொது வயலைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து வேலியிடும் வேலியடைப்புக்கு ஆளான ஊர்களில் விவசாயி தன் ஒரே துண்டு நிலத்தின் நடுவே வீடு கட்டிக்கொண்டு தெருவை விட்டுப் போனார். லாக்ஸ்டனில் நிலம் சிதறிக் கிடந்ததால் வீடுகள் சேர்ந்திருக்க நேர்ந்தது. அண்டைவீட்டாரின் ஏர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் வாழ அங்கே வழியில்லை.

கீற்றுகள் ஏன் இப்படிச் சிதறின என்பதற்கு அறிஞர்கள் வெவ்வேறு விளக்கம் தருகிறார்கள். 1938இல் ஆர்வின் தம்பதியர் லாக்ஸ்டனை மையமாக வைத்து எழுதிய 'திறந்த வயல்கள்' என்ற நூல், கனத்த மண்ணில் பல குடும்பங்கள் ஏரும் மாடும் கூட்டுச்சேர்த்து உழுததன் விளைவே கீற்று என்றது: ஒருநாள் உழவுக்கு ஒரு கீற்று, முறைவைத்து ஒவ்வொருவருக்கும். பிற்காலத்துப் பொருளியலாளர்கள் சிலர் அதை ஒருவகைக் காப்பீடாகப் பார்த்தார்கள்: மேட்டுநிலம் காய்ந்தாலும் பள்ளநிலம் கைகொடுக்கும், பள்ளத்தில் நீர் தேங்கினாலும் மேடு காப்பாற்றும். இரண்டுக்கும் இடமுண்டு என்றே தோன்றுகிறது. கீற்றின் தொடக்கம் எதுவாக இருந்தாலும் அதன் தொடர்ச்சிக்கு ஓர் ஆட்சி வேண்டியிருந்தது என்பதில் கருத்துவேறுபாடு இல்லை. அந்த ஆட்சிதான் 'கோர்ட் லீட்' எனப்படும் ஊர்மன்றம்.

அது இன்றும் நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு வாதமும் அந்த நடைமுறையில்தான் நிற்கிறது. நவம்பர் இறுதியில், கோதுமை விதைத்து முடிந்தபின், பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி அந்த ஆண்டின் கோதுமை வயலுக்குப் போகிறது. எல்லோரும் விவசாயிகள், அதே வயலில் கீற்று வைத்திருப்பவர்கள். கீற்றுக்கும் கீற்றுக்கும் இடையே, கீற்றுக்கும் பொதுப் பாதைக்கும் இடையே எல்லை எங்கே என்று பார்த்து முளைக்கட்டை அடிக்கிறார்கள். யாராவது ஒரு சால் கூடுதலாக ஓட்டிப் பாதையைக் கடித்திருக்கிறாரா, புல்வெளி ஓரத்தை உழுதுவிட்டாரா, தன் பங்குக்கு வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டாரா என்று நடந்து பார்க்கிறார்கள். கண்ட குற்றங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் கழித்து ஊரின் 'டவ்கோட்' விடுதியில் மன்றம் கூடுகிறது. மேனர் பிரபுவின் சார்பில் ஒரு காரியஸ்தர் தலைமை தாங்குகிறார். அவர் சட்டம் தெரிந்தவர், ஆனால் குற்றம் எது, தண்டம் எவ்வளவு என்று சொல்வது ஜூரி. தண்டம் சில பவுண்டுகள். வராமல் இருந்தவருக்கு அதனினும் சிறிய பெயரளவுத் தொகை. அன்றே அடுத்த ஆண்டுக்கான ஜூரி உறுதிமொழி எடுத்துக்கொள்கிறது. அடுத்த ஆண்டு கோதுமை வேறொரு வயலுக்கு நகர்வதால், மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வயலும் முழுமையாகப் பார்வையிடப்பட்டுவிடும். தறிகெட்டு அலையும் மாடுகளைப் பிடித்து அடைக்க ஒரு காவலரும் அவருக்கென்று ஒரு கொண்டித் தொழுவமும் உண்டு. இங்கிலாந்தில் இத்தகைய மன்றங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1977ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் அவற்றின் அதிகாரத்தை நீக்கியபோது, பலவற்றை வெறும் சடங்காகத் தொடர விட்டது. லாக்ஸ்டன் மன்றத்துக்கு மட்டும் அதன் அதிகாரம் விலக்காகக் காக்கப்பட்டது.

தண்டம் இவ்வளவு சிறியதாக இருக்கிறதே, இதனால் யார் அஞ்சுவார் என்று கேட்கத் தோன்றும். தொகைக்கு யாரும் அஞ்சுவதில்லை. பன்னிரண்டு அண்டைவீட்டார் தன் கீற்றின் ஓரத்தில் நின்று உழவுச் சால்களை எண்ணுகிறார்கள் என்பதே போதுமான கட்டுப்பாடு. இன்று தண்டம் விதிப்பவர் மூன்றாண்டில் தன் உழவையும் அதே கண்களுக்குக் காட்ட வேண்டியவர். ஆகவே கடுமை காட்டவும் முடியாது, கண்டும் காணாமல் விடவும் முடியாது. மேலிருந்து ஓர் அதிகாரி வந்து அபராதம் எழுதினால் விவசாயி அவரை ஏமாற்ற வழி தேடுவார். ஏமாற்றிய கதை ஊரில் பெருமையாகக்கூடப் பேசப்படும். தன்னைப் போன்ற பன்னிரண்டு பேரிடம் அது செல்லாது. சிறிய அத்துமீறலைச் சிறிய தண்டத்தோடு உடனுக்குடன் சுட்டிக்காட்டிவிட்டால் அது பகையாக முற்றுவதில்லை என்பது இந்த மன்றத்தின் அடிப்படை அறிவு. எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட பொதுவளங்களை ஆளுதல் பற்றிய நூலில், நீண்டகாலம் நிலைத்த பொது ஏற்பாடுகளின் கூறுகளை ஆராய்ந்து சொன்னவற்றில் இவையும் உண்டு: பயன்படுத்துவோரே கண்காணிப்பவராக இருத்தல், தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுதல், வழக்குத் தீர்க்கும் இடம் அருகில் இருத்தல். அவர் ஆராய்ந்த சுவிட்சர்லாந்து மலைக்கிராமமான டர்பெலில், குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீவனம் இருக்கிறதோ அத்தனை மாடுகளை மட்டுமே மலைப் புல்வெளிக்கு அனுப்பலாம் என்ற விதி 1517லேயே எழுதிவைக்கப்பட்டது. அந்த ஆய்வுகளுக்காகவே 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது.

எதிர்த்தரப்பின் அடித்தளத்தையும் பார்த்துவிட வேண்டும். 1833இல் ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் வில்லியம் ஃபார்ஸ்டர் லாய்டு, மக்கள்தொகை பற்றிய தம் உரைகளில், பொது மேய்ச்சல் நிலத்துக் கால்நடைகள் ஏன் இளைத்திருக்கின்றன என்று கேட்டார். ஒவ்வொருவரும் இன்னும் ஒரு மாட்டைச் சேர்ப்பதன் ஆதாயம் அவருக்கு மட்டும், இழப்பு எல்லோருக்கும் என்பது அவர் விடை. 1968இல் கேரட் ஹார்டின் 'சயன்ஸ்' இதழில் இதை விரித்து, பொதுநிலம் அழிவை நோக்கியே செல்லும் என்று எழுதினார். அந்தக் கட்டுரை உலகமெங்கும் நிர்வாகிகளின் மனத்தில் வேதமாகப் பதிந்தது. ஏரி, காடு, மேய்ச்சல் தரை என்று எதை எடுத்தாலும், ஒன்று தனியாருக்குக் கொடு, இல்லையேல் அரசே எடுத்துக்கொள் என்ற இரண்டே வழி பேசப்பட்டது. இந்தத் தர்க்கத்தில் பிழை எதுவும் கிடையாது. அது எடுத்துக்கொண்ட நிலைமைதான் கற்பனை. யார் வேண்டுமானாலும் எத்தனை மாடு வேண்டுமானாலும் விடலாம் என்ற ஊரை ஹார்டின் கற்பித்துக்கொண்டார். இங்கிலாந்தின் திறந்த வயல் ஊர்களில் ஒவ்வொரு பங்குக்கும் இத்தனை மாடு, இத்தனை ஆடு என்று வரையறை செய்வது பொது வழக்கம். லாக்ஸ்டனில் மேய்ச்சல் உரிமை குறிப்பிட்ட மனைகளோடும் பங்குகளோடும் கட்டப்பட்டிருந்தது. வெளியூரார் மாடு நுழைந்தால் கொண்டித் தொழுவத்துக்குப் போகும். ஆளில்லாத வெளிக்கும் பலர் சேர்ந்து ஆளும் நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கத் தவறிய ஒரு கோட்பாடு, பல நாடுகளில் ஏழைகளின் கையிலிருந்த நிலத்தைப் பறிப்பதற்குச் சான்றிதழாகப் பயன்பட்டது. இதைக் கோபமில்லாமல் சொல்ல என்னால் இயலவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். லாக்ஸ்டன் தப்பியது தற்செயல். அதன்மேல் கோட்பாடு கட்டலாமா? இந்த மறுப்பில் பாதி உண்மை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஒரு நூறாண்டில் நாடாளுமன்றம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இயற்றியது. ஏறத்தாழ எழுபது லட்சம் ஏக்கர் அவற்றின் கீழ் வந்தது. லாக்ஸ்டன் அந்த அலைக்குத் தப்பியதற்கு முக்கியக் காரணம், அங்கே நிலம் வைத்திருந்த இரு பெருங்குடும்பங்களான மேன்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும் நிலத்தை மாற்றிக்கொள்வதில் உடன்பாட்டுக்கு வராததுதான். அதன்பின் 1870களில் தொடங்கிய விவசாய நெருக்கடியில், செலவு பிடிக்கும் வேலியடைப்பு யாருக்கும் கவர்ச்சியாக இல்லை. இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது கொல்லப்படாததற்கான காரணம் மட்டுமே. உயிரோடு இருந்ததற்கான காரணம் வேறு. லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் தீவுப் பகுதியிலும் டெவனில் பிராண்டன் ஊரின் பெருவயலிலும் கீற்று நிலங்கள் இன்றும் இருக்கின்றன. கண்ணுக்கு அவை லாக்ஸ்டனைப் போலவே தோன்றும். ஆனால் அங்கே பொதுச் சுழற்சி கிடையாது. ஊர் ஜூரி வயலைச் சுற்றிவருவதும் கிடையாது. அவரவர் கீற்றில் அவரவர் விருப்பப் பயிர். வேலியடைப்புக்குத் தப்பியதால் அங்கே நிலத்தின் வடிவம் மட்டும் பிழைத்தது. லாக்ஸ்டனில் வடிவத்தோடு ஏற்பாடும் பிழைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தற்செயலால் விளக்க முடியாது. மன்றத்தைக் கொண்டே விளக்க முடியும்.

அந்த மன்றம் ஊரை உறைய வைத்துவிடவும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் வயல்களின் ஒரு பகுதி வேலியடைக்கப்பட்டு வெளியே போனது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கீற்றுகளைச் சேர்த்துப் பெரிதாக்கி எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். குதிரை போய் டிராக்டர் வந்தது. முன்பு வெறுமனே கிடந்த தரிசு ஆண்டில் தீவனப்புல் வளர்க்க 1960களில் வழிசெய்தார்கள். 1952இல் மேன்வர்ஸ் பிரபு விற்றபோது, இந்த முறையைக் காப்பதற்காகவே விவசாய அமைச்சகம் நிலத்தை வாங்கியது. 1981இல் அது அரசியின் பெயரிலான கிரவுன் எஸ்டேட்டுக்கு மாறியது. 1952க்குப் பிந்தைய பிழைப்பில் அரசின் விருப்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால், என் வாதத்தை நான் அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் மீதே நிறுத்துகிறேன். அப்போது அதைப் பாதுகாக்க எந்தத் துறையும் இல்லை, பார்க்க எந்தச் சுற்றுலாப் பயணியும் வரவில்லை. விவசாயம் லாபமாக நடந்தால்தான் குத்தகை கட்ட முடியும் என்ற நிலைமையில் அந்த ஊர் நீடித்தது.

திறந்த வயல் விளைச்சலைக் கெடுத்தது, வேலியடைப்பே இங்கிலாந்துக்குச் சோறு போட்டது என்ற வாதம் நூறாண்டுக்கு மேலாகப் பாடநூல்களில் இருக்கிறது. ஆர்தர் யங் போன்ற பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் அதன் மூலவர்கள். ஆய்வுகள் பின்னர் வேறு சித்திரத்தைக் காட்டின. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் திறந்த வயல் ஊர்கள் புதிய தீவனப் பயிர்களைத் தங்கள் சுழற்சிக்குள் ஏற்றுக்கொண்டதை மைக்கேல் ஹேவிண்டன் 1961இல் காட்டினார். 1992இல் ராபர்ட் ஆலன், தெற்கு நடுநில மாவட்டங்களை ஆராய்ந்து, விளைச்சல் உயர்வில் பெரும்பகுதி பதினேழாம் நூற்றாண்டில் திறந்த வயல்களில் உழைத்த சிறு விவசாயிகளின் கையால் வந்தது என்றும், வேலியடைப்பு உயர்த்தியது முக்கியமாகக் குத்தகையை என்றும் வாதிட்டார். மறுத்தவர்களும் உண்டு, வேலியடைத்த நிலத்தில் ஒருவரே முடிவெடுத்து விரைவாக மாற முடிந்தது என்ற அவர்கள் கூற்று சில மண்வகைகளுக்குப் பொருந்தும். ஆனால் விளைச்சல் கூடியதா என்பதோடு அந்தக் கூடுதல் யாருக்குப் போனது என்றும் கேட்க வேண்டும். ஒரு பசுவை மேய்க்கவும், விறகு பொறுக்கவும், அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்கவும் இடம் வைத்திருந்த குடும்பம், வேலி வந்தபின் கூலியை மட்டும் நம்ப வேண்டியதாயிற்று. வேலியடைப்பின் முன்னோடிப் பிரச்சாரகரான ஆர்தர் யங்கே 1801இல், தரிசு நிலங்களை ஏழைகளின் பிழைப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று தனி நூல் எழுதினார். தம் வாழ்நாள் வாதத்தின் விளைவைக் கிராமங்களில் கண்டபின் அவர் எழுதிய நூல் அது. நார்த்தாம்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் ஊருக்கான வேலியடைப்புச் சட்டம் 1809இல் வந்தது. விவசாயக் கூலியின் மகனாகப் பிறந்த கவிஞர் ஜான் கிளேர் அப்போது பதினாறு வயதுப் பையன். ஆங்கிலக் கவிதையில் வேலியடைப்பின் இழப்பு அவர் வழியாகவே நிலைத்த குரலைப் பெற்றது.

அடுத்த மறுப்பு நம் நாட்டிலிருந்தே வருகிறது, அதை நான் மிகுந்த மதிப்போடு எடுத்துக்கொள்கிறேன். இந்தியக் கிராமங்களைச் 'சிறு குடியரசுகள்' என்று 1830இல் ஆங்கிலேய நிர்வாகி சார்லஸ் மெட்காஃப் எழுதினார். வைஸ்ராய் அவையில் சட்ட உறுப்பினராக இருந்து திரும்பிய ஹென்றி மெய்ன் 1871இல் கீழை, மேலைக் கிராமச் சமுதாயங்கள் பற்றிய நூலில், இங்கிலாந்தின் திறந்த வயல் ஊரையும் இந்தியக் கிராமத்தையும் ஒரே பழைய நிலையின் இரு எச்சங்களாக வைத்தார். பொதுவுடைமை முந்தைய படி, தனியுடைமை அடுத்த படி என்ற ஏணி அவர் மனத்தில் இருந்தது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மெட்காஃபின் அந்தப் புகழுரையைச் சுட்டிக்காட்டி, குறுகிய மனமும் வகுப்புவாதமும் நிறைந்த இடத்தைக் கொண்டாடுவதா என்று கேட்டார். அந்தக் கேள்வி லாக்ஸ்டனையும் தொடும். அதன் மன்றம் பிரபுவின் மன்றமாகவே பிறந்தது. தண்டப் பணம் பிரபுவுக்கு உரியது. ஜூரியில் உட்கார்ந்தவர்கள் நிலம் வைத்திருந்தோர். கூலிக்காரருக்கு அங்கே குரல் கிடையாது, பெண்களுக்கு நூற்றாண்டுகளாக இடமே இல்லை. இதை மறைத்துவிட்டு அந்த ஊரைப் புகழ்வது நேர்மையன்று. என் வாதம் கிராமம் நல்லது என்பதன்று. ஒருவரையொருவர் கண்காணிக்கும் விதிமுறையைச் சாதாரண விவசாயிகள் நூற்றாண்டுக் கணக்கில் திறமையாக நடத்த முடியும் என்பது மட்டுமே. பிரபு போனபின், நில உரிமை அரசுக்கு மாறியபின்னும், அதே மன்றம் அதே வேலையைச் செய்தது. ஆகவே அதன் உயிர் பிரபுவின் அதிகாரத்தில் இருந்ததில்லை. மன்றத்துக்குள் யாரை அனுமதிப்பது என்ற கேள்விக்கு அந்தக் காலம் அநீதியான விடை தந்தது. அந்த விடையை மாற்றலாம், மாற்றியும் வருகிறார்கள். மெய்னின் ஏணியை மட்டும் நான் ஏற்கவில்லை. ஒழிந்துபோக வேண்டிய பழைய படி என்று அவர் வகைப்படுத்திய ஏற்பாடு, அவர் நூலுக்குப் பின் நூற்றைம்பது ஆண்டுகளாக டிராக்டரோடும் வங்கிக் கடனோடும் சேர்ந்து நடந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக ஒரு மறுப்பு: இது ஒரு சிற்றூருக்குப் பொருந்தும், பெரிய சமூகத்துக்கு ஆகாது. அளவு முக்கியம்தான், முகம் தெரியாத இடத்தில் இந்த ஜூரி இயங்காது. ஆனால் அதனாலேயே லாக்ஸ்டனில் எதைக் காக்க வேண்டும் என்பது தெளிவாகிறது. 2018இல் கிரவுன் எஸ்டேட் ஊரை விற்கப்போவதாக அறிவித்தபோது நாடெங்கும் கவலை எழுந்தது. 2020இல் மேன்வர்ஸ் குடும்பத்தின் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டே அதை வாங்கியது. அப்போது நடந்த பேச்சில் பெரும்பகுதி நிலக்காட்சியைப் பற்றியது: கீற்றுகளின் தோற்றம், புல்வெளிப் பூக்கள், பழைய செங்கல் வீடுகள். இவற்றைக் காக்கச் சட்டங்கள் ஏற்கெனவே உண்டு. எனக்குக் கவலை தருவது பண்ணைகளின் எண்ணிக்கை. இங்கிலாந்து முழுவதும் சிறு பண்ணைகள் பெரிய பண்ணைகளோடு சேர்ந்து மறைகின்றன. லாக்ஸ்டனிலும் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத் தக்கவை. ஊரில் குடியிருப்போரில் பெரும்பாலோர் இப்போது வேறு வேலைக்குப் போகிறவர்கள். ஜூரிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். அந்த வயலில் தம் கீற்றுக்கும் பதில்சொல்ல வேண்டியவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். மூன்று பெரிய பண்ணையாளர்கள் எல்லாக் கீற்றுகளையும் குத்தகைக்கு எடுத்துவிட்டால், வயலின் தோற்றம் ஓர் அங்குலமும் மாறாது, கோதுமை அதே சுழற்சியில் வளரும், ஆனால் யார் யாருடைய உழவைப் பார்வையிடுவது? ஆகவே புதிய உரிமையாளர் மீது விதிக்கத் தக்க முதல் கடமை, ஒரு பண்ணை காலியாகும்போது அதைப் பக்கத்துப் பண்ணையோடு சேர்க்காமல் புதிய குடும்பம் ஒன்றுக்குக் கொடுப்பது. கட்டுப்படியாகும் குத்தகையும், கீற்றுகளுக்கு வெளியே போதிய வேலியடைத்த நிலமும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். திறந்த வயலில் கிடைக்கும் பங்கு மட்டும் இன்று ஒரு பண்ணைக்குப் பிழைப்பாகாது. அரசின் விவசாய மானியங்களும் ஏக்கர் கணக்கைப் பாராமல் இந்தக் கூட்டுப் பொறுப்புக்காக வழங்கப்படலாம்.